ஓடியும் நகராத உழவு யந்திரம்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் செய்த பிரசங்கம்)



மேட்டூர் அணை 1934-ம் வருஷம் கட்டி முடிந்தது. ஜூன் மாதம் 12-ந் தேதி அதைத் திறப்பது வழக்கம். நீர் போதாத வருஷங்களில் அந்தத் தேதி தவறியதும் உண்டு. எப்பொழுது திறந்தாலும், வாய்க்காலில் தண்ணீர் வந்து நாற்றும் விட்டாகிவிட்டால், குடியானவர் நாளை எண்ணத் தொடங்குகிறார். குறுகிய கால நெல்லின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள்ளும், மத்திய கால நெல்லின் நாற்றை 25 முதல் 30 நாட்களுக்குள்ளும் பிடுங்கி நடுதல் வேண்டும். முற்றிய நாற்று தூர் கட்டாது. இச்சமயத்தில் சங்கத்தின் பவர் டில்லர் ஒருவர் வயலில் நின்றுவிடுமாயின், நஷ்டம் அவரோடு போவதில்லை. முறைக்குக் காத்திருக்கும் அத்தனை வீட்டாரையும் சேர்கிறது.

என்ஜின் ஓடுகிறது, கியரும் போட்டாயிற்று, யந்திரம் மட்டும் நகரவில்லை. இந்நிலையில் அநேகர் உடனே பட்டறைக்கு ஆள் அனுப்புகின்றனர். அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: சக்கரம் சுழல்கிறதா, இல்லையா? சக்கரம் சுழன்றுகொண்டே சேற்றில் இறங்குமானால் யந்திரத்தில் பழுது இல்லை. ரப்பர் சக்கரத்தைக் கழற்றி இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டவேண்டியதே குறை.

சக்கரம் சுழலாவிட்டால், யந்திரத்தைக் கெட்டியான சமதரைக்கு இழுத்து வருக. என்ஜினை நிறுத்திப் பெல்ட்டின் மூடியைக் கழற்றுக. மேல் கியரைப் போட்டு, பிரதான கிளட்ச் நெம்புகோலை ஓட்டும் நிலையில் வைத்து, இருவர் பின்நின்று தள்ளுக. பழுதற்ற யந்திரம் என்ஜினின் அழுத்தத்தால் முரண்டி நிற்கும். இலேசாக உருளுமாயின் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. அப்பொழுது கிளட்ச் பக்கத்துக் கப்பி சுழன்று, என்ஜின் பக்கத்துக் கப்பி நிற்குமானால் குற்றம் பெல்ட்டினது. இரண்டு கப்பிகளும் நின்றால், குற்றம் கிளட்ச்சுக்கும் சக்கரத்துக்கும் இடையில். இந்தச் சோதனைக்குக் காலணா செலவில்லை. ஆனால் தள்ளும்பொழுது பெல்ட்டருகே ஒருவரும் கை வைக்கலாகாது. என்ஜின் ஓடும்பொழுது மூடியைத் திறந்து பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பவர் விரலை இழக்க நேரும்.

பெல்ட்டே பெரும்பாலும் குற்றவாளி. தளர்ந்திருந்தால் கீச்சென்ற சப்தமும் கருகிய ரப்பர் நாற்றமும் காட்டிக்கொடுக்கும். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் அது கையேட்டில் கண்ட அளவே தாழவேண்டும். சில வகைகளில் என்ஜினைத் தாங்கும் போல்டுகளைத் தளர்த்தி, என்ஜினைச் சிறிது முன்தள்ளி இறுக்குவது முறை. வேறு சிலவற்றில் அதற்கெனத் தனிக் கப்பி உண்டு. அளவுக்கு மீறி முறுக்கினால் பேரிங் கெடும். டீசல் ஊற்றும்பொழுது சிந்தியது பெல்ட்டில் பட்டு வழுக்குவதும் சாதாரணம். அதற்கு மணலைத் தூவுவோர் உண்டு. அரைமணி நேரம் யந்திரம் ஓடும். பிறகு பெல்ட்டும் போகும், கப்பியும் தேயும். துணியால் நன்கு துடைக்கவேண்டும். எண்ணெய் ஊறி உப்பியிருந்தால் மாற்றுவதே வழி. இரண்டோ மூன்றோ பெல்ட்டுகள் உள்ள இடத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது சிக்கனமன்று. புதியதே பாரம் முழுவதையும் சுமந்து விரைவில் அறும்.

பெல்ட் சரியாயிருந்தால் பிரதான கிளட்ச்சைப் பார்க்கவேண்டும். நெம்புகோலுக்குச் சிறிது தளர்ச்சி இருத்தல் அவசியம். அது அறவே இல்லாவிடில் தகடுகள் முழுதும் ஒட்டாமல் வழுக்கும். திருகாணியைச் சரிசெய்தாலே போதுமான இடத்தில் தகடுகளையே மாற்றிப் பணம் கொடுத்துவருவது பரிதாபம்.

அடுத்தது கைப்பிடியின் கீழுள்ள பக்கக் கிளட்ச்சுகள். இடது நெம்பை அழுத்தினால் இடச் சக்கரத்தின் ஓட்டம் அறும். வண்டி இடம் திரும்பும். இதன் கம்பி அதிகமாக இழுபட்டிருந்தாலும், சேறு புகுந்து நெம்பு திரும்பாவிட்டாலும், ஒரு சக்கரம் நின்று வண்டி வட்டமிடும். இரண்டும் அப்படியானால் அசையாது. (இறக்கத்தில் இடது நெம்பை அழுத்தினால் வண்டி வலப்பக்கம் திரும்பும் என்பதைப் புதிய ஓட்டுநருக்கு முதல் நாளே சொல்லிவிடவேண்டும், கரையிலிருந்து வாய்க்காலில் விழுந்தபின் சொல்லிப் பயனில்லை.) சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் போல்டையும் பார்த்துக்கொள்க. இவையெல்லாம் சரியாயிருந்தும் நகராவிட்டால் பழுது கியர்ப் பெட்டிக்குள் இருக்கும். அதை வயலில் திறக்கலாகாது. சேற்றில் திறந்த பெட்டி மறுபடி சுத்தமாவதில்லை.

இன்னொரு விஷயம். சொந்த மாட்டுக்குக் கால் நொண்டினால் அன்றே மருந்திடுபவர், பொது யந்திரம் வழுக்கத் தொடங்கினால் தம் வயல் முடியும்வரை வாய் திறவாது அடுத்தவரிடம் தள்ளிவிடுகிறார். பிறகு பழி ஓட்டுநர்மேல். ஆகையால் யந்திரத்தோடு ஒரு நோட்டுப் புத்தகம் செல்லட்டும். யார் வயலில், எத்தனை மணி ஓடிற்று, என்ன சப்தம் கேட்டது, பெல்ட் எப்பொழுது மாற்றப்பட்டது என்பவற்றை எழுதி, எடுத்தவரும் ஒப்படைத்தவரும் கையெழுத்திடட்டும். ஒரு ஜதைப் புதுப் பெல்ட்டும், அதற்கேற்ற ஸ்பானர்களும் சங்க அலுவலகத்தில் நாற்று விடும் நாளுக்கு முன்பே இருப்பில் இருக்கட்டும். பெல்ட் வாங்கச் செல்பவர் பழையதன் மேல் அச்சிட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு செல்க.