சிறுநீரகம் தளரும்போது தேயும் எலும்பு

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளில் முதியோர் வாழும் வீடுகளுக்குக் கால்சியம் மாத்திரையும், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் புதியவை அல்ல. ஆயினும் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவரின் எலும்பு நலிவதும் முதுமையில் நேரும் எலும்புத் தேய்மானமும் ஒன்றல்ல என்பது இன்னும் பரவலாக உணரப்படவில்லை.

உடலிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலுமே இருக்கிறது. வெயில் பட்டுத் தோலில் உண்டாகும் வைட்டமின் டி, முதலில் கல்லீரலிலும் இறுதியாகச் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்த பின்னரே உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் வழியே ஈர்க்கும் முழு ஆற்றலைப் பெறுகிறது. ஆதலால் எலியட்ஸ் கடற்கரையில் நாள்தோறும் காலை வெயிலில் நடப்பவராயினும், சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அவருக்கு அந்த வெயில் மட்டும் போதாது. அதனுடன், சிறுநீரில் வெளியேற வேண்டிய பாஸ்பரஸ் இரத்தத்தில் தேங்குவதால், கழுத்தில் தைராய்டின் பின்புறம் அமைந்த பாராதைராய்டு சுரப்பிகள் தூண்டப்பட்டு, அவை மிகுதியாகச் சுரக்கும் ஹார்மோன் எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை இரத்தத்தில் சேர்க்கிறது. இரத்தக் குழாய்களின் சுவர்களிலும் இதய வால்வுகளிலும் கால்சியம் படியும் கேடும் இந்நோயாளிகளிடம் மிகுதி என்பதனால், கேடிகோ என்னும் பன்னாட்டுச் சிறுநீரக நல அமைப்பு 2006இல் இதனைத் தனி எலும்பு நோயாகக் கருதாது, தாதுக்களும் எலும்பும் இரத்தக் குழாய்களும் ஒருங்கே பாதிக்கப்படும் கோளாறாக வரையறுத்தது. மருத்துவரைக் கேளாமல் மருந்துக்கடையில் கால்சியம் மாத்திரை வாங்கி விழுங்குவது இவர்களுக்கு எத்துணை ஆபத்தானது என்பது இதனால் விளங்கும்.

டெக்ஸா ஸ்கேன் அடர்த்தியைச் சொல்லுமே தவிர, எலும்பு அளவுமீறிய வேகத்தில் கரைந்து உருவாகிறதா, அல்லது புதுப்பிக்கப்படாமலே முடங்கிக் கிடக்கிறதா என்பதைச் சொல்லாது. இவ்விரு நிலைகளுக்கும் மருத்துவம் வெவ்வேறு.

டயாலிசிஸ் செய்துகொள்வோரின் நிலை இன்னும் கடினமானது. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்று வெளியேற்றும் பாஸ்பரஸ் ஏறத்தாழ ஒரு கிராமுக்குள்ளேயே அடங்க, கட்டுப்பாடான உணவிலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய அதே அளவு உட்செல்கிறது. குடல் அதில் ஒரு பகுதியை விட்டுவிட்டாலும், வாரம் மூன்று முறை செய்துகொள்பவருக்கே மிச்சம் தேங்கும். பணமின்மையால் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்ளும் ஏழைகளை எண்ணும்போது, இது மருத்துவச் சிக்கல் மட்டுமன்று என்பது தெளிவாகும். மருத்துவர் ஜார்ஜி ஆபிரகாம் 1993இல் சென்னையில் நிறுவிய டேங்கர் அறக்கட்டளை, வசதியற்றோருக்குக் குறைந்த செலவில் டயாலிசிஸ் கிடைக்கச் செய்துவருவதன் அருமையும் இங்கேதான் புலப்படுகிறது.

உணவிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும் மாத்திரைகளைச் சாப்பாட்டுடன் சேர்த்து உட்கொண்டால்தான் பயன் உண்டு. பருப்பிலும் தானியத்திலும் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதியை மனிதக் குடல் ஈர்ப்பதில்லை. பாலிலும் தயிரிலும் உள்ளது அதைவிட எளிதாகவும், கோலா பானங்களிலும் பதப்படுத்திய உணவுகளிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்பு ஏறத்தாழ முழுமையாகவும் உடலில் சேர்ந்துவிடுகின்றன. ஆகவே சாம்பாரை அஞ்சி ஒதுக்கிவிட்டுப் பாக்கெட் தின்பண்டத்தை நாடுவது தலைகீழான பத்தியமாகும்.

எலும்பு வலி தோன்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கிய நிலையிலேயே இரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றின் அளவைக் கண்காணிக்கத் தொடங்க வேண்டுமெனக் கேடிகோவின் வழிகாட்டுதல் கூறுகிறது.