சிறு படகுக்கு ஏற்ற வழிகாட்டிக் கருவி

கரையில் நிற்பவனுக்குக் கடல் ஒரே நீர்ப்பரப்பு. தொழிலுக்குச் செல்பவனுக்கோ அது பாரும் மேடும் ஓடையும் நிறைந்த தனி உலகம். விண்மீனை நோக்கியும், சோழகம், வாடை, கச்சான், கொண்டல் எனக் காற்றின் திசையறிந்தும், ஈயக்குண்டு விட்டு ஆழமளந்தும் வழிகண்டவர் நம் வடகடல் மீனவர். இன்று அவர்தம் சிறு படகுகளுக்கும் செய்மதியின் துணைகொண்ட கருவிகள் வந்துவிட்டன. அவற்றுள் ஒன்று, படகு நிற்கும் இடத்தைக் கடல் வரைபடத்தின்மீதே காட்டும் ‘சார்ட் புளொட்டர்’ ஆகும்.

இதன் தேவை சிறிதன்று. பாக்குநீரிணை ஒடுக்கமானது, ஆழமுங் குறைந்தது. அங்கே இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடலெல்லை 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையாலும், மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் உள்ள எல்லை 1976ஆம் ஆண்டு உடன்படிக்கையாலும் வகுக்கப்பட்டன. நீரின்மேல் கோடு தெரிவதில்லை. வலை விரித்துக் காத்திருக்கும் படகை நீரோட்டம் இரவில் இழுத்துச் சென்றால், படகோடு பிழைப்பும் பறிபோகக்கூடும்.

கருவி வாங்குவோர் முதலில் ஓர் உண்மையை உணர வேண்டும். இடத்தைக் கணிப்பது வேறு, வரைபடம் வேறு. அமெரிக்கா தன் செய்மதிக் குறிகளில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் நீக்கிய பின்னர், திறந்த கடலில் ஏறக்குறையப் பத்து மீற்றருக்குள் இடத்தை அறிய முடிகிறது. ஆனால் வரைபடத்திலுள்ள ஆழங்கள் சில, ஈயக்குண்டு கொண்டு அளந்த பழைய காலத்தவை. மணல்மேடுகளோ இடம் மாறுபவை.

வரைபடம் முழுமையாக இருந்தும் கேடு நேர்வதுண்டு. 2014ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், உலகைச் சுற்றும் பந்தயத்தில் ஈடுபட்ட ‘வெஸ்ராஸ் விண்ட்’ என்னும் பாய்மரக் கப்பல், மொரீசியசுக்கு வடகிழக்கேயுள்ள கார்காடோஸ் கராஜோஸ் பவளப்பாரில் மோதியது. வரைபடத்தைச் சிறிதாக்கிப் பார்த்தபோது அப்பார் தெளிவாகத் தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்க்காமையே விபத்துக்கு வழிவகுத்தது. ஒன்பது மாலுமிகளும் உயிர் தப்பியது நற்பேறே.

ஆகவே, கடையில் முதற் கேள்வி வரைபடத்தைப் பற்றியதாதல் வேண்டும். தான் தொழில் செய்யும் கடற்பகுதியைத் திரையில் வரவழைத்துப் பெரிதாக்கி, தான் நன்கறிந்த பாரும் ஓடையும் அதில் உள்ளனவா என்று பார்ப்பதே சிறந்த சோதனை. அடுத்து, கருவியை வெயிலில் கொண்டுவந்து பார்த்தல் நலம்; கடைக்குள் பளிச்சிடும் திரை நண்பகலில் மங்கித் தோன்றலாம். ஈரக்கையாலும் ஆடும் படகிலும் தொடுதிரையைவிடப் பொத்தான்களே எளிதாகப் பயன்படும். ‘ஐ.பி.எக்ஸ். 7’ எனும் தரம், ஒரு மீற்றர் ஆழ நீரில் முப்பது நிமிடம் தாங்குவதைக் குறிக்கும். உப்புநீர் தெறிக்கும் திறந்த படகுக்கு இதற்குக் குறைந்தது ஆகாது.

மின்சாரத்தையும் எண்ண வேண்டும். கயிறிழுத்து இயக்கும் சிறு இயந்திரங்கள் பலவற்றில் பற்றறியை மின்னேற்றும் வசதி இல்லை. ஒரு அம்பியர் இழுக்கும் கருவி பன்னிரண்டு மணி நேர இரவில் பன்னிரண்டு அம்பியர்-மணியை உண்டுவிடும். கருவி இழுக்கும் மின்னோட்டத்தை அறிந்தே பற்றறியைத் தெரிதல் வேண்டும். பற்றறிக்கருகே உருகியொன்று அமைப்பதும் இன்றியமையாதது. பணம் இடங்கொடுப்பின், ஒலியலை விட்டு ஆழமறியும் வசதியும் சேர்ந்த கருவி மேலானது. வரைபடம் பழையதாயினும் படகின் அடியிலுள்ள இன்றைய ஆழத்தை அது சொல்லும்.

வாங்கிய பின் எல்லைக்கோட்டின் புள்ளிகளை அகலாங்கு, நெட்டாங்கு கொண்டு பதிந்து, எல்லைக்குச் சற்று முன்னரே எச்சரிக்கை ஒலிக்குமாறு செய்துகொள்ளல் வேண்டும். முதற் பயணம் பகலில், பழகிய வழியில் அமைவது நன்று. திசையறி கருவியொன்றும் எப்பொழுதும் படகில் இருத்தல் வேண்டும். பற்றறி ஓய்ந்துபோன இரவில் கரை சேர்ப்பது அதுவும், மூத்தோர் கற்பித்த காற்றறிவுமே.