வர்த்தமானி முதலில், ஆய்வு பிறகு
(பேலியகொடையில் கூடிய மரக்கறி வியாபாரிகள், நுகர்வோர் முன்னிலையில் ஆற்றப்பட்ட உரையின் அச்சு வடிவம்)

2021 மே 6ஆம் திகதிய வர்த்தமானி இரசாயனப் பசளையும் பீடைநாசினியும் நாட்டுக்குள் வருவதைத் தடுத்தபோது, பத்து ஆண்டுகளில் படிப்படியாக நிகழும் என்று 2019 தேர்தலில் வாக்களிக்கப்பட்ட மாற்றம், அமைச்சரவை முடிவெடுத்துப் பத்து நாள் கழியுமுன்னரே கமக்காரரின் தலையில் இறக்கப்பட்டது. சேதனப் பசளை, அதாவது தாவர, விலங்குக் கழிவுகள் மக்கிக் கிடைக்கும் உரம், தீயது என்று இங்கு எவரும் வாதிடவில்லை. ஆணை பிறக்குமுன் அது எந்த வயலில், எந்தப் போகத்தில், எந்த நெல்லினத்தில் சோதிக்கப்பட்டது என்பதே வினா. ஆய்வு எங்கே?

மண் தாய், தாய்க்கு நஞ்சூட்டாதே, மற்றவை தாமாக விளையும் என்பதுதான் தடையை ஆதரித்தவர்களின் முழு விவசாய விஞ்ஞானம். பயிரின் இலையையும் தண்டையும் வளர்க்கும் நைதரசன் யூரியாவில் 46 சதவீதம் உண்டு. நல்ல கூட்டெருவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம். ஆகவே 50 கிலோ யூரியா மூட்டையொன்று தரும் நைதரசனுக்கு ஒன்றரைத் தொன் கூட்டெரு வேண்டும். அத்தனை சாணத்துக்கு மாடுகள் எங்கே என்று கேட்டவர்களுக்கு அன்று தேசத்துரோகிப் பட்டம் கிடைத்தது. மாடு கிடைக்கவில்லை, விமானம் கிடைத்தது: சுதேச மண்வளம் பேசிய அரசுக்கு, 2021 நவம்பரில், தீபாவளி நாளில், இந்திய விமானப்படை நூறு தொன் நனோ நைதரசன் திரவத்தைச் சுமந்து வந்தது.

சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றிவந்த ஹிப்போ ஸ்பிரிட் கப்பலின் கதை இன்னும் விசித்திரமானது. மாதிரிகளில் எர்வினியா என்ற, தாவரங்களை அழுகச் செய்யும் பக்டீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுக்காப்புச் சேவை கூற, விற்றவர்கள் மறுக்க, இறக்கப்படாத உரத்துக்கு மக்கள் வங்கி 67 இலட்சம் டொலர் செலுத்தி முடித்தது. அந்தப் பணம் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போயிருந்தால்! 1952 முதல் இந்நாட்டுக்கு நெல்லினங்களை ஆக்கித்தரும் அந்த நிலையத்தைக் கேட்டுவிட்டாவது வர்த்தமானியை அச்சிட்டார்களா? பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே எச்சரித்தார். அமைச்சின் குழுக்களிலிருந்து நீக்கப்பட்டார். 2021இல் 51 இலட்சம் தொன்னளவில் இருந்த நெல் விளைச்சல், அடுத்த ஆண்டு ஏறக்குறைய 34 இலட்சமாக விழுந்தது. நீக்கியவர்களின் வீட்டில் சோற்றுப்பானை காலியாகவில்லை!

ஆய்வின்றித் தடை விதித்தது இது முதல் தடவையுமல்ல. 2015இல், வடமத்திய மாகாணச் சிறுநீரக நோயைக் காட்டி, கிளைபோசேட் களைநாசினி தடைசெய்யப்பட்டது. அந்நோயின் காரணம் அன்றும் முடிவாக நிறுவப்படவில்லை, தேயிலைக்கு மாற்றுவழியும் ஆராயப்படவில்லை. தோட்டங்கள் வேறு களைநாசினிக்கு மாற, தேயிலையில் அதன் எச்சம் மிகுதி என்று ஜப்பான் முறையிட்டது. புல்லோடு போராடிய மலையகத் தொழிலாளரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. ஆய்வு எங்கே?

இரசாயனப் பசளையால் கேடே இல்லை என்பதும் என் வாதமல்ல: யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கற் பாறையிடையே உள்ள கிணற்றுநீரில் நைத்திரேற்று, அதாவது பசளையிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் கசியும் உப்பு, பல இடங்களில் மிகுந்திருப்பது நீண்டகாலமாக அறியப்பட்டதே. வெங்காயப் பாத்திக்கு எவ்வளவு பசளை போதும் என்பதை ஒவ்வொரு மண்ணுக்கும் அளந்து சொல்வதுதான் நிலைபேறான விவசாயம். அதற்குத் தடை வேண்டாம், அங்குள்ள திருநெல்வேலி ஆய்வு நிலையத்துக்கு ஆளும் பணமும் வேண்டும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதத்தையே எல்லா ஆய்வுக்கும் சேர்த்துச் செலவிடும் நாடு இது.

ஆய்வின்மை வயலோடு நிற்கவில்லை. 2020 நவம்பரில் புறக்கோட்டையிலிருந்து இங்கு பெயர்ந்த மெனிங் சந்தைக்கு வரும் லொறிகளைப் பாருங்கள். நுவரெலியாக் கோவாவும் வெலிமடைப் போஞ்சியும் உரப்பையில் திணிக்கப்பட்டு, அவற்றின்மேல் ஆளும் ஏறி அமர வருகின்றன. நாட்டின் மரக்கறி, பழங்களில் மூன்றிலொரு பங்களவு உண்பவரைச் சேருமுன் வீணாகிறது. 2011 இறுதியில், இதைத் தடுக்க, பிளாஸ்டிக் கூடையைக் கட்டாயமாக்க முயன்ற அரசு, எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கியது. அன்று எதிர்த்த வியாபாரிகள் சிலர் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அவர்கள் கோபம் கொள்ளட்டும். ஆனாலும் வெற்றுக்கூடை திரும்பிச் செல்லும் லொறிக் கூலியை யார் கொடுப்பது என்ற கணக்கை அன்று எந்த நிபுணரும் போட்டுக் காட்டவில்லை. அநுராதபுரத்தின் அறுவடைக்குப் பின்னான தொழினுட்ப நிலையம் அந்தக் கணக்கை இந்தச் சந்தையிலேயே வந்து போடட்டும், அதன் பிறகு வர்த்தமானி வரட்டும்.