பச்சைப் புல்லுக்குக் கீழே என்ன இருக்கு?

போன ஐப்பசி மழைக்கு அப்புறம், நாங்க வாராவாரம் ஃபுட்பால் ஆடுற டர்ஃபில் நண்பன் ஒருத்தன் கால் பிசகி விழுந்தான். முழங்கால் தசைநார் கிழிஞ்சிருச்சு. ஆறு மாசம் ஆட்டம் கிடையாது. மேலே பார்த்தால் புல் பளபளன்னுதான் இருந்தது. அப்போதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது: இதுக்குக் கீழே என்னதான் இருக்கு?

அடியிலிருந்தே வருவோம். முதலில் மண்ணைச் சமப்படுத்தி, ரோலர் விட்டு இறுக்கணும். அதுக்கு மேல ஜல்லி. கீழே பெருசு, மேலே சிறுசு. தண்ணி ஓரத்து வடிகாலுக்கு ஓட லேசான சரிவும் வேணும். சில மைதானங்களில் அதிர்வைத் தாங்க ஷாக் பேடும் விரிப்பாங்க. இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் டர்ஃப் ரோல்.

அந்த ரோலுக்கு முதுகு பாலிப்ரொப்பிலீன் துணி. அதில் பாலிஎத்திலீன் இழைகளைத் தையல் மாதிரி கோத்து, அடியில் லேடக்ஸோ பாலியூரித்தேனோ பூசிப் பிடிக்க வைக்கிறாங்க. தண்ணி இறங்கத் துளைகளும் உண்டு. ஃபுட்பாலுக்கு இழை உயரம் பெரும்பாலும் 40 முதல் 60 மில்லிமீட்டர். அவ்வளவு உயர இழை தானா நிக்காது. அதனால் இடையில் சிலிக்கா மணல், அதுக்கு மேல ரப்பர் துகள் தூவுறாங்க. மணல் கனம் கொடுக்கும். ரப்பர் காலைத் தாங்கும்.

1966இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் போட்டது நைலான் புல். உயரம் குறைவு, இந்த நிரப்பும் கிடையாது. சறுக்கி விழுந்தால் தோல் உரிஞ்சிடும்.

சரி, எங்க டர்ஃபுக்கு வருவோம். உரிமையாளரே ஒரு மூலையைத் தூக்கிக் காட்டினார். ஜல்லி சரியா இறுகலை. ஒரு இடம் அமுங்கி, அங்கே தண்ணி தேங்கி, ரப்பரும் ஒதுங்கிப் போயிருந்தது. "அடியில செலவைக் குறைச்சுட்டேன் தம்பி"ன்னு அவரே ஒத்துக்கிட்டார். இப்போ அதைச் சரிசெய்ய மேலே உள்ள எல்லாத்தையும் சுருட்டணும்.

இன்னொண்ணு. அந்த ரப்பர் பெரும்பாலும் பழைய டயரை அரைச்சது. நுண் நெகிழியாச் சுற்றுப்புறத்தில் கலக்குதுன்னு, ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதி போட்டிருக்கு. 2031 முதல் இந்தத் துகளை அங்கே விற்க முடியாது.

அடுத்த தடவை புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு பாட்டில் தண்ணியை ஊத்திப் பாருங்க. தேங்கி நின்னா, ஷூவைக் கழட்டாமலே வீட்டுக்குக் கிளம்பிடுங்க. நண்பன் இப்போ நல்லா நடக்கிறான். ஆட வர்றியான்னு கேட்டா, "அடியை மறுபடி போட்டாங்களா?"ன்னுதான் முதலில் கேக்கிறான்.