மூச்சும் அளவுகோலும்
(செகந்திராபாத் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆஸ்த்மா, அலர்ஜிக்கு மாற்று வைத்தியம் பலன் தருமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் நெஞ்சு நோய்ப் பிரிவில் முப்பது வருஷம் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் மாத்திரையைத் தவிர மற்றதெல்லாம் தப்பு என்று சொல்லப் போகிறேனோ என்று நினைக்க வேண்டாம். நம் அகங்களில் இருக்கும் கைவைத்தியத்தையும் அளந்து பார்க்கலாம் என்றுதான் சொல்ல வந்திருக்கிறேன்.

நம் ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் மிருகசீர்ஷ கார்த்தி அன்று ஹைதராபாத்தில் பத்தினி குடும்பத்தார், உயிருள்ள சின்ன விரால் மீன் வாயில் மஞ்சள் நிற மருந்தை வைத்து ஆஸ்த்மாக்காரர்களை விழுங்கச் செய்கிறார்கள். சைவர்களுக்கு அதே மருந்து வெல்லத்தில் கிடைக்கும். 1845 முதல் நடக்கிறது என்கிறார்கள். காசு வாங்குவதில்லை. முன்பு மருந்து என்றார்கள், இப்போது பிரசாதம் என்கிறார்கள். செய்முறை குடும்ப ரகசியம். ரகசியமாக இருப்பதை மற்றவர்கள் செய்து பார்த்து ஒப்பிட முடியாது அல்லவா?

"எனக்குக் கேட்டதே!" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆஸ்த்மா தானாகவே ஏறி இறங்கும் வியாதி. மிகவும் சிரமப்படும்போதுதான் மருந்து தேடிப் போவோம்; அதன் பிறகு எப்படியும் கொஞ்சம் இறங்கும். இன்னொரு காரணமும் உண்டு. 2011-இல் அமெரிக்க டாக்டர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே நோயாளிகளுக்கு ஒரு நாள் நிஜ இன்ஹேலர், ஒரு நாள் மருந்தில்லாத இன்ஹேலர், ஒரு நாள் பொய்யான அக்குபங்சர், ஒரு நாள் ஒன்றுமே இல்லை. எவ்வளவு தேவலை என்று கேட்டபோது, நிஜ மருந்துக்கு 50 சதவீதம், மருந்தில்லாத இன்ஹேலருக்கு 45, பொய் ஊசிக்கு 46, ஒன்றும் தராத நாளில் 21 சதவீதம் என்று பதில் வந்தது. ஆனால் கருவியில் ஊதச் சொல்லி அளந்தபோது, நிஜ மருந்துக்கு மூச்சின் அளவு 20 சதவீதம் கூடியது. மற்ற மூன்றுக்கும் சுமார் 7 சதவீதம்தான்.

மனசுக்குத் தேவலையாக இருக்கிறது, மூச்சுக்குழாயோ குறுகியே இருக்கிறது. ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. உலக ஆஸ்த்மா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள் என்றும், ஆஸ்த்மாவால் இறப்பவர்களில் 40 சதவீதத்துக்கும் மேல் நம் நாட்டவர் என்றும் 2019-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கீடு சொல்கிறது. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று பயந்து அதை நிறுத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சரி, நம்முடையதில் எது தேறுகிறது? முதலில் யோகா. பெங்களூரில் நாகரத்னா, நாகேந்திரா இருவரும் 53 நோயாளிகளுக்கு யோகா கற்பித்து, அதே வயது, அதே தீவிரம் உள்ள வேறு 53 பேருடன் ஒப்பிட்டு, 1985-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். யோகா செய்தவர்களுக்கு இழுப்பு குறைந்தது, மருந்தின் தேவையும் குறைந்தது. 2016-இல் காக்ரேன் குழுவினர் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அன்றாட வாழ்க்கை கொஞ்சம் சுலபமாகிறது, நுரையீரலின் திறன் கூடுவது உறுதியாகவில்லை என்றார்கள். ஆகவே பிராணாயாமம் தாராளமாகச் செய்யுங்கள், இன்ஹேலரோடு சேர்த்து.

அடுத்தது நஞ்சறுப்பான் இலை. டெல்லியில் டாக்டர் சிவ்புரி 1960-களில் இதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், பலன் தெரிந்தது. 1979-இல் வந்த வேறோர் இந்திய ஆய்வில் பலன் தெரியவில்லை. ஒரு தடவை தேறினால் போதாது என்பது இதில் நமக்குப் பாடம். ஆடாதோடை இன்னொரு ரகம். அதிலுள்ள வாசிசினை வைத்துத்தான் ப்ரோம்ஹெக்ஸின் என்ற இருமல் மருந்து உருவானது. அது சளியை இளக்கும். ஆஸ்த்மாவின் வீக்கத்தை ஆற்றாது. மூக்கு அலர்ஜிக்கு ஜலநேதி ஓரளவு உதவலாம். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் மட்டும் செய்யுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, எந்த வைத்தியம் ஆரம்பித்தாலும் டாக்டரைக் கேட்காமல் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். இரண்டு, என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதாத பொடியை வாங்காதீர்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பரிசோதனைகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஏற்கெனவே பல நாளாகச் சாப்பிட்டு வந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொடியோடு டாக்டரிடம் போங்கள். மூன்று, பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்குங்கள். நின்றுகொண்டு, மூச்சை முழுதும் இழுத்து, ஒரே வேகமாக மூன்று தடவை ஊதி, அதிக அளவைக் குறித்து வையுங்கள். காலையும் மாலையும் எழுதி வந்தால், புது வைத்தியம் வேலை செய்கிறதா என்று அந்த நோட்டே சொல்லும். உங்களுடைய நல்ல அளவில் பாதிக்கும் கீழே போனாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உடனே ஆஸ்பத்திரி. கஷாயம் போட நேரம் இல்லை.

ஒன்று மறந்துவிட்டேனே, சாம்பிராணி, ஊதுபத்திப் புகை இழுப்பைக் கிளப்பும். ஆஸ்த்மா உள்ளவர் இருக்கும் அகத்தில் பூஜைக்கு நெய் தீபம் போதும். பகவான் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டு மீட்டர்கள் கொண்டு வந்திருக்கிறேன். ஆளுக்கொரு புது ஊதுகுழாயும் இருக்கிறது. வெளியே காபி தயார் என்கிறார்கள். ஆனால் காபி மூச்சுக்குழாயைச் சில மணி நேரம் சற்று விரிக்கும், கணக்கு தவறிவிடும். அதனால் முதலில் ஊதிவிட்டு, அப்புறம் காபி.