அவர் எதை நினைத்துச் சொன்னார்?
(வானொலி மறையுரை – மாற்கு 8:14-21)



சென்ற மாதம் எங்கள் பங்கில் அன்பிய விழா. திருப்பலிக்குப் பின் தம்பதியருக்கு ஒரு போட்டி வைத்தோம். ஜேம்ஸ் வசந்தன் விஜய் தொலைக்காட்சியில் நடத்திய ‘ஒரு வார்த்தை ஒரு லட்சம்’ உங்களுக்கு நினைவிருக்கும். அதே பாணிதான். மனைவியிடம் சீட்டில் ஒரு சொல் எழுதித் தருவோம். அவர் அதைச் சொல்லாமல் வேறொரு சொல்லைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கணவர் கண்டுபிடிக்க வேண்டும். லட்சத்துக்குப் பதில் பரிசு ஓர் எவர்சில்வர் தூக்கு!

ஒரு சகோதரிக்கு வந்த சொல் ‘பூட்டு’. அவர் சற்று யோசித்து, “திண்டுக்கல்” என்றார். கணவர் கண்ணை மூடித் திறப்பதற்குள், “பிரியாணி!” என்றார். கூட்டம் சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “ஏங்க, மாமா ஆயுசெல்லாம் அரம் பிடிச்சு ராவுனது எதை? அதை நினைச்சுத்தானே சொன்னேன்” என்றார். அந்தக் கணவரின் தந்தை பூட்டுப் பட்டறையில் வேலை செய்தவர்.

திண்டுக்கல் என்றால் பூட்டும் உண்டு, பிரியாணியும் உண்டு, மலைக்கோட்டையும் உண்டு. கணவர், ‘இதைக் கேட்டால் எனக்கு என்ன தோன்றுகிறது?’ என்று பார்த்தார். ‘இவள் எனக்காக இந்தச் சொல்லை ஏன் எடுத்தாள்?’ என்று பார்க்கவில்லை. நம் வீரமாமுனிவர் 1732இல் தந்த சதுரகராதியில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் காட்டவே ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் நம் வீட்டார் எந்தப் பொருளில் சொன்னார்கள் என்பதை எந்த அகராதியும் சொல்லாது.

சீடர்களும் இப்படித்தான் தடுமாறினார்கள். படகில் இருந்தது ஒரே ஓர் அப்பம். பரிசேயரின் புளிப்பு மாவைக் குறித்து இயேசு எச்சரித்தார். தங்களிடம் அப்பம் இல்லாததைத்தான் சொல்கிறார் என்று அவர்கள் எண்ணிக்கொண்டார்கள். தங்கள் வெறும் பையைப் பார்த்தார்களே தவிர, பேசுகிறவர் யார் என்று பார்க்கவில்லை. ஐயாயிரம் பேருக்கும் நாலாயிரம் பேருக்கும் உணவளித்தவர் அப்பத்துக்காகவா கடிந்துகொள்வார்? அதனால்தான் மீதியான கூடைகள் எத்தனை என்று அவர்களிடமே கேட்கிறார்.

புனித இஞ்ஞாசியார் ‘ஆன்மப் பயிற்சிகள்’ நூலின் 22ஆம் எண்ணில் நமக்கு வழி காட்டுகிறார். அவர் கருத்து இது: அயலார் சொன்னதை முதலில் நல்ல பொருளில் எடுத்துக்கொள்ள ஆயத்தமாயிருக்க வேண்டும். அது முடியவில்லையென்றால், எந்தப் பொருளில் சொன்னார் என்று அவரிடமே கேட்க வேண்டும். தவறாகத்தான் சொன்னார் என்று தெரிந்தால் அன்போடு திருத்த வேண்டும். புண்படுத்தும் சொல்லைப் பொறுத்துக்கொண்டே இரு என்று அவர் சொல்லவில்லை. கேட்காமல் தீர்ப்பிடாதே என்கிறார்.

இரண்டு நாள் கழித்து அந்தக் கணவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். படுக்கையில் கிடந்த தாயைக் கடைசிவரை உடனிருந்து பார்த்தவர் அவர். அடக்கம் முடிந்த இரவில் அண்ணன் அவரிடம், “நீ பாத்தது போதும்ப்பா” என்றாராம். ‘நீ பார்த்த லட்சணம் போதும்’ என்று இவர் காதில் விழுந்தது. மூன்று ஆண்டுகளாகப் பேச்சில்லை. கல்லறைத் திருநாளில் தாயின் கல்லறைக்கு அண்ணன் காலையில் போவார், தம்பி மாலையில் போவார்.

“சாமி, அண்ணன் எதை நினைச்சுச் சொன்னாருன்னு நான் கேக்கவே இல்ல. என்னைத் தோள்ல தூக்கி வளத்தவரு அவரு” என்று கண்கலங்கினார்.

அந்த ஞாயிறே வத்தலக்குண்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு அந்தச் சொல்லே நினைவில் இல்லை. “ராவெல்லாம் முழிச்சுக் கெடந்தியேடா. போய்ப் படுன்னுதான் சொல்லியிருப்பேன்” என்றாராம்.

அன்பர்களே, உங்கள் நெஞ்சிலும் இப்படி ஒரு சொல் ஆறாமல் கிடக்கிறதா? சொன்னவர் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேளுங்கள். “அன்னைக்கு எதை நினைச்சுச் சொன்னீங்க?” இந்த வாரம் அந்த ஒரு கேள்வி போதும்.

ஆண்டவரே, பிறர் சொல்லை அவர்கள் உள்ளத்தோடு சேர்த்துக் கேட்கும் செவியை எங்களுக்குத் தாரும். ஆமென்.