பள்ளிக்கரணை முதல் கோவளம் வரை
(பொங்கல் விழாக் கூட்டத்தில் பேசியது)



போன சனி, ஞாயிறு நம் குடியிருப்பிலிருந்து 11 பேர் பறவை பார்க்கப் போனோம். சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பள்ளிக்கரணை. சாலையோரம் நின்றபடியே நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், பவளக்கால் உள்ளான் எல்லாம் பார்த்தோம். கறுப்பு உடம்பு, நாமம் போட்டது போல வெள்ளை நெற்றி, அதுதான் நாமக்கோழி. குழந்தைகளுக்கு அதைத்தான் ரொம்பப் பிடித்தது. தூரத்தில் பூநாரைக் கூட்டமும் இருந்தது.

ஞாயிறு கோவளம் கழிமுகம். ஆலாக்கள் தண்ணீரில் பாய்ந்து மீன் பிடித்தன.

இரண்டும் வேறு வேறு இடமல்ல. பள்ளிக்கரணை நீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, கோவளத்தில் கடலுக்குப் போகிறது. தென்சென்னை மழைநீருக்கு வடிகால் அதுதான். சதுப்பு நிலம் சுருங்கினால் தண்ணீர் நம் கீழ்த்தளத்துக்கு வரும். 2015 யாருக்கும் மறந்திருக்காது.

2022-இல் பள்ளிக்கரணைக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு வளர்ந்ததும் அதே சதுப்பு நிலத்தின் மேல்தான். அதனால் ஒரே வேண்டுகோள்: மக்கும் குப்பை, மக்காத குப்பையைத் தயவுசெய்து வீட்டிலேயே பிரித்துக் கொடுங்கள்.

அடுத்த பயணம் வேடந்தாங்கல். பளிச்சென்ற நிற உடை வேண்டாம். பைனாகுலர் இரண்டு இருக்கிறது; பகிர்ந்துகொள்ளலாம்.